அழுத்தத்துக்கு உள்ளான ஹெம்ப் பயிரை அறுவடை செய்யும் காலம்

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் போதைத்தன்மை மிகக் குறைந்த வகையாகும். தமிழில் சிலர் இதைச் சணல் என்று எழுதுவதால் குழப்பம் நேர்கிறது. சாக்கு தைக்கும் சணலும், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இல்லாத செடியையே ஹெம்ப் என ஏற்கிறது. மருந்துச் சாறுக்காக வளர்க்கப்படும் பூக்களில் விலை பெறும் பொருள் சி.பி.டி. ஆகும். வறட்சியாலோ பூஞ்சையாலோ பயிர் வாடும்போது முன்னதாக வெட்டினால் சி.பி.டி. குறையும்; காத்திருந்தால் பூ அழுகலாம் அல்லது டி.எச்.சி. வரம்பைத் தாண்டலாம். ஓரிகன் மாநிலத்தின் தெற்கிலுள்ள ரோக் பள்ளத்தாக்கு உழவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் சிக்கல்.

பருவம்

ஹெம்ப் பெரும்பாலும் குறும்பகல் தாவரம். ஏறத்தாழ 42 பாகை வடக்கிலுள்ள அப்பள்ளத்தாக்கில் ஆகத்து மாதத்தில் பூக்கத் தொடங்கி, செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை முதிர்கிறது. இலையுதிர்கால மழையும் அதே சமயத்தில்தான் தொடங்குகிறது.

அறிகுறிகளைப் படித்தல்

எல்லா மஞ்சள் இலையும் நோயல்ல. முதிர்ச்சியின்போது செடி அடியிலைகளிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் பூவுக்கு அனுப்புவதால் அவை பழுப்பது இயல்பு. மேல் இலைகள் மஞ்சளானாலோ ஓரம் கருகினாலோதான் கவலைப்பட வேண்டும். நண்பகலில் துவண்ட செடி மறுநாள் காலையில் நிமிர்ந்து நின்றால் அது வெறும் வெப்பம். நீர் பாய்ச்சிவிட்டுக் காத்திருக்கலாம். காலையிலும் தலை தொங்கினால் வேரில் கோளாறு இருக்கக்கூடும், அச்செடி இனிப் பெரிதாகத் தேறும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதிர்ச்சியைக் காண உழவர்கள் இரண்டைப் பார்க்கிறார்கள். ஒன்று, பூவின் வெண்ணிறச் சூல்முடிகள் பழுப்பாவது. கடும் வெயிலிலும் மகரந்தச் சேர்க்கைக்குப் பின்னும் இவை முன்கூட்டியே காய்ந்துவிடும் என்பதால், அழுத்தம் கண்ட பயிரில் இந்த அடையாளம் ஏமாற்றும். மற்றொன்று பிசின் சுரப்பி மயிர்கள். உருப்பெருக்கியில் இவை முதலில் கண்ணாடி போலவும், பிறகு பால் போலவும், கடைசியில் தேன் நிறமாகவும் தெரியும். இரண்டாவதே நம்பத்தக்கது. ஆனால் ஹெம்ப் பயிரில் இறுதிச் சொல் ஆய்வகத்தினுடையது.

அழுத்தமும் டி.எச்.சி. அளவும்

வாடிய செடியில் டி.எச்.சி. திடீரென ஏறும் என்று உழவர்களிடையே பரவலான அச்சம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளம், காயம், சாம்பல் நோய், களைக்கொல்லி முதலியவற்றுக்குப் பயிரை உட்படுத்திப் பார்த்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். சி.பி.டி.க்கும் டி.எச்.சி.க்கும் இடையிலான விகிதத்தை அழுத்தம் பெரிதாக மாற்றவில்லை; அதைத் தீர்மானிப்பது மரபணுவே. சி.பி.டி.யை உருவாக்கும் நொதியே சிறிதளவு டி.எச்.சி.யையும் உருவாக்குவதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. விகிதம் 25க்கு 1 என்றால், சி.பி.டி. 7.5 விழுக்காட்டை எட்டும்போது டி.எச்.சி. 0.3 ஆகிவிடும். எனவே நன்றாக விளைந்த வயலே வரம்பை மீறும் வாய்ப்பு அதிகம், நலிந்த வயல் அல்ல.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சாம்பல் பூசணம் கண்டால் கணக்குகள் மாறிவிடும். தடித்த பூங்கொத்தின் நடுவே ஒரே ஒரு சிற்றிலை மட்டும் காய்ந்து நிற்பது முதல் அடையாளம். இழுத்தால் எதிர்ப்பின்றி கையோடு வந்துவிடும், உள்ளே பழுப்பு அழுகல் தெரியும். பூவைத் துளைக்கும் புழுக்களின் எச்சம் தங்கும் இடத்திலும் இது தொடங்கும். ஓரிரு கொத்துகள் என்றால் அவற்றை வெட்டி அகற்றலாம். பல செடிகளில் பரவி, அடுத்து மழையும் வருமென்றால், முதிராத பூவாக இருந்தாலும் அறுப்பதே நட்டத்தைக் குறைக்கும். அதற்கு உலர்த்தும் கொட்டகை ஆயத்தமாக இருக்க வேண்டும்; ஈரத்தோடு குவித்து வைத்தால் பூசணம் அங்கேயும் தொடரும்.

இலேசான உறைபனியைச் செடி தாங்கும். கடும் உறைபனி திசுக்களைக் கொன்றுவிடும். காட்டுத்தீப் புகை வேறு வகைத் தொல்லை. 2020 செப்டம்பரில் ரோக் பள்ளத்தாக்கில் அல்மெடா தீ எரிந்தது அறுவடைக்குச் சற்று முன்புதான். பிசினில் ஒட்டிய சாம்பலைப் போக்குவது கடினம். சாம்பல் படிந்த பிறகு அவசரமாக வெட்டுவதால் அது நீங்கிவிடாது.

சட்டக் கெடு

2021 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்க வேளாண் துறை விதிப்படி, மாதிரி எடுத்த 30 நாட்களுக்குள் அறுவடை முடிய வேண்டும். முந்தைய இடைக்கால விதியில் இது 15 நாட்களாக இருந்தது. மழைக்கால உழவருக்கு அது மிகக் குறுகிய அவகாசம். செடியின் உச்சிப் பகுதியிலிருந்தே மாதிரி எடுக்கப்படுவதால் முடிவு சற்று உயர்ந்தே வரும். வரம்பு மீறிய பயிரை அழிக்கலாம், அல்லது பூக்களை நீக்கியோ முழுச் செடியையும் அரைத்துக் கலந்தோ சீராக்கலாம். அரைத்த பொருளுக்கு மறுசோதனை உண்டு. அளவு 1 விழுக்காட்டைத் தாண்டினால் அது உழவரின் கவனக்குறைவாகவும் கருதப்படலாம்.