சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்தில் தர வேண்டும்: விதிகள் கூறுவது என்ன?

பெங்களூரு: அல்சூரில் உள்ள மருத்துவமனையானாலும் வேறு எங்கானாலும், சிகிச்சை ஆவணங்களைக் கேட்டுப் பெற நோயாளிக்கு உரிமை உண்டு. வேறு மருத்துவரின் கருத்தை அறியவும், காப்பீடு கோரவும், நுகர்வோர் ஆணையத்தை நாடவும் அவையே ஆதாரம்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரது அனுமதி பெற்றவரோ கோரினால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

மறுக்கும் மருத்துவர் மீது கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். அதன் மீது 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். தவறு உறுதியானால், பதிவேட்டிலிருந்து அவரது பெயர் நீக்கப்படவும் கூடும். எனவே, கோரிக்கையை எழுத்துப்பூர்வமாக அளித்து ஒப்புகை பெறுவது அவசியம்.