பல் குத்தும் குச்சிக்குப் பின்னால் ஒரு மூங்கில் அரசியல்

புது தில்லி: தலைநகரின் உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் பில்லுடன் சோம்பும் கற்கண்டும் வருகின்றன. அருகிலேயே பல் குத்தும் குச்சிகள் அடங்கிய சிறு குப்பி இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுப்பவர் அது எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. ஆனால் விரல் நீளமே உள்ள இக்குச்சிக்குப் பின்னால் 1927-ஆம் ஆண்டின் வனச் சட்டமும், நாடாளுமன்ற விவாதமும், இறக்குமதி வரியும், மூங்கிலை நம்பி வாழும் பழங்குடியினரின் உரிமையும் அடங்கியுள்ளன.

எது நல்லது?

சந்தையில் பரவலாகக் கிடைப்பவை மரக்குச்சி, மூங்கில் குச்சி, நெகிழிக் குச்சி ஆகிய மூன்றும்தான். மரக்குச்சி மென்மையானது, ஆனால் ஈரம் பட்டதும் முனை நைந்துவிடும். மூங்கில் குச்சி எளிதில் ஒடியாது; ஆனால் சரியாக மெருகேற்றப்படாவிட்டால் சிலாம்பு ஈறில் ஏறக்கூடும். ஈரமான இடத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு முனையில் நூல் கட்டிய நெகிழிக் குச்சி பல் இடுக்குவரை செல்லும். ஆனால் குப்பையில் சேர்ந்தால் மக்காது. தென் கொரியாவில் மாவுச்சத்தால் ஆன குச்சிகளும் புழக்கத்தில் உள்ளன.

தினமும் ஒரே இடத்தில் உணவு சிக்கினால் அங்கு சொத்தையோ, இடைவெளியோ, ஈறு நோயோ இருக்கலாம். குச்சியால் மீண்டும் மீண்டும் குத்தினால் ஈறு புண்ணாகும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய நூலோ, அதற்கான சிறு தூரிகையோ மேல் என்பதே பல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்ற நம் பழமொழிக்கு வட இந்தியாவிலும் சான்று உண்டு. பழைய தில்லியின் நடைபாதைகளில் வேப்பங்குச்சிகளும் கருவேலங்குச்சிகளும் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. அவை பல் துலக்குவதற்கானவை. இடுக்கைக் குத்துவதற்கானவை அல்ல.

புல்லா, மரமா?

தாவரவியலின்படி மூங்கில் ஒரு புல். ஆனால் ஆங்கிலேயர் காலத்து இந்திய வனச் சட்டம் 1927, தனது 2(7)-ஆவது பிரிவில் மூங்கிலையும் 'மரம்' என்ற வரையறைக்குள் சேர்த்தது. இதனால் தன் சொந்த நிலத்தில் மூங்கில் வளர்த்த விவசாயிகூட அதை வெட்டவும் வெளியூருக்கு எடுத்துச் செல்லவும் பல இடங்களில் வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

2017 நவம்பரில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது. அதற்கான மசோதா அதே ஆண்டு டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. குளிர்காலக் கூட்டத்தொடர் நெருங்கிய வேளையில் அவசரச் சட்டம் எதற்கு, இதன் பலன் விவசாயிக்கா, தொழிலதிபருக்கா என்று எதிர்க்கட்சியினர் கேள்வி எழுப்பினர்.

இச்சலுகை வனப்பகுதிக்கு வெளியே விளையும் மூங்கிலுக்கு மட்டுமே. காட்டுக்குள் வளரும் மூங்கில் வனச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலேயே தொடர்கிறது. அங்கு வாழ்வோருக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே துணை. அது மூங்கிலைச் சிறு வனப்பொருளாக அறிவித்து, அதைச் சேகரித்து விற்கும் உரிமையை வனவாசிகளுக்கு அளித்தது. ஆனால் அந்த உரிமை நடைமுறைக்கு வரக் காலமானது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேண்டா லேகா கிராமசபைக்கு மூங்கிலை எடுத்துச் செல்லும் அனுமதிப் புத்தகம் 2011 ஏப்ரலில்தான் கிடைத்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் சென்று அதை வழங்கினார்.

விளைவது இங்கே, வருவது எங்கிருந்து?

2023-ஆம் ஆண்டின் இந்திய வனநிலை அறிக்கையின்படி நாட்டில் சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் மூங்கில் உள்ளது. ஆனாலும் மூங்கில் குச்சிகளை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நிலை ஏற்பட்டது. ஊதுபத்திக் குச்சியின் கதை இதற்குத் தெளிவான உதாரணம். 2011-இல் அதற்கான இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2009-இல் ரூ.31 கோடியாக இருந்த இறக்குமதி, 2018-இல் சுமார் ரூ.546 கோடியாக உயர்ந்தது என்பது கதர் கிராமத் தொழில் ஆணையம் தெரிவித்த கணக்கு. சீனாவும் வியட்நாமும் இந்தச் சந்தையைப் பிடித்தன. 2020 ஜூனில் வரி 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

பல் குத்தும் குச்சியும் ஊதுபத்திக் குச்சியும் ஏறத்தாழ ஒரே வழியில் உருவாகின்றன. மூங்கிலைக் கணு நீக்கி அறுத்து, பிளந்து, மெல்லிய கீற்றுகளாக்கி, உருட்டி, உலர்த்தி, வெட்ட வேண்டும். இதில் இந்தியாவின் பலவீனம் மூங்கிலில் இல்லை. அதன் கழிவில் இருக்கிறது. ஊதுபத்திக் குச்சிக்கு ஒரு மூங்கிலில் 16 சதவீதமே பயன்படுகிறது, மீதி 84 சதவீதம் கழிவாகிறது என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. அந்தக் கழிவிலிருந்து வேறு பொருள்கள் செய்து விற்றால்தான் குச்சியின் விலை குறையும். மூங்கில் கரியின் ஏற்றுமதித் தடை 2022 மே மாதம் நீக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

2018-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மூங்கிலைப் 'பச்சைத் தங்கம்' என்று வர்ணித்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, தேசிய மூங்கில் இயக்கத்துக்கு ரூ.1,290 கோடி அறிவித்தார். அந்தத் தொகையின் பலனை நடப்பட்ட கன்றுகளைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. மூங்கில் விளையும் ஊரிலேயே பிளக்கும் இயந்திரமும், உலர்த்தும் கூடமும், வாங்குபவரும் இருக்கிறார்களா என்பதே உண்மையான அளவுகோல்.

விடுபட்ட ஒரு குச்சி

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. காது குடையும் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, பலூன் குச்சி ஆகியவற்றின் பெயர்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. பல் குத்தும் நெகிழிக் குச்சியின் பெயர் இல்லை. அதையும் சேர்த்தால் சுற்றுச்சூழலுக்கு நன்மை. மூங்கில் குச்சிக்குச் சந்தையும் விரியும். ஆனால் அந்தச் சந்தை திரிபுராவுக்கும் கட்சிரோலிக்கும் போய்ச்சேருமா, மீண்டும் துறைமுகம் வழியாகவே நிரப்பப்படுமா என்பதை முடிவு செய்யவேண்டியவர்கள் தில்லியில்தான் இருக்கிறார்கள்.