திருச்சபைப் பாட்டுநூலும் மாத்திரையும்

ஒரு சபையார் புதிய பாட்டுநூல் தெரிந்தெடுக்குங்கால் கோட்பாடு, அச்சு, விலை என்பனவற்றையே பெரிதும் நோக்குவர். தமிழ்ச் சபையார் மாத்திரையையும் நோக்குதல் வேண்டும்.

1706இல் தொடங்கிய தரங்கம்பாடித் திருப்பணியின் வழிவந்தோர், சிறப்பாகச் சென்னையிற் பணியாற்றிய பப்பிரிசியு (1711–1791), செருமானியப் பாட்டுகளை அவற்றின் மெட்டுக்கேற்பத் தமிழாக்கினர். இவையே ஞானப்பாட்டுகள். மெட்டின் சுரத்திற்கு ஓரசை என எண்ணிக்கை பொருந்திற்று. மாத்திரை எங்கும் பொருந்திற்றில்லை. குறில் நெடுஞ்சுரத்தில் வீழின் ‘வரம்’ வாரமாகும், ‘மனம்’ மானமாகும், ‘விடு’ என்பதும் வீடாகும்! நூலைக் கண்டு பாடுவார்க்கு இடரில்லை. எழுத்தறியாது செவியொன்றே துணையாக வருவாரே இடர்ப்படுவர்.

தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் (1774–1864) கீர்த்தனைகளிற் சொல்லும் தாளமும் உடன்பிறந்தவை. அமெரிக்க மதுரை மிசனைச் சார்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பு அவற்றைப் பொதுவழிபாட்டிற்குக் கொணர்ந்தது. கீர்த்தனையிலும் இசைநீட்டம் உண்டே எனின், உண்டு. ஆயினும் பல்லவி பன்முறை மீள்வதாற் சொல் தெளிவுறும்.

இதுகொண்டு ஞானப்பாட்டைத் தள்ளுதல் தகாது. பயிற்சியில்லா நூற்றுவர் ஒருங்கே பாடுதற்கு அதுவே எளிது. கீர்த்தனையோ பல இடங்களிற் பாடகர் குழுவின் உடைமையாய்விடுகிறது. ஆதலின் தேர்வுக்குழுவினர் ஒவ்வொரு பாட்டையும் ஒருவரைப் பாடச்செய்து, நூல் காணாத முதியவர் ஒருவரைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லச் செய்க. பிறழ்ந்த அடிகளைக் குறித்துக்கொண்டு, திருத்தற்கியலுமேல் திருத்துக. இயலாதேல் அப்பாட்டை விடுக.