கொடி கட்ட இடமில்லாத வீட்டில்

முற்றமும் மொட்டைமாடியும் வாய்த்தவர்களுக்குத் துணி உலர்த்துவது ஒரு பிரச்சினையே அன்று. இரண்டு கம்பங்களும் ஒரு கொடியும் இருந்தால் எஞ்சியதைக் கதிரவன் பார்த்துக்கொள்வான். ஆனால் 1980-களில் ஈழத்திலிருந்து புறப்பட்டு ஜெர்மனியில் குடியேறிய நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். நவம்பர் தொடங்கி மார்ச் வரை அங்கே வெயில் என்பது விருந்தாளி. நான்காவது மாடியில் மூன்றே அறைகள், வீட்டில் கைக்குழந்தை, தினமும் ஒரு கூடை ஈரத்துணி. அதை எங்கே விரிப்பது?

பெரும்பாலோர் கூடத்திலேயே மடக்குத் தாங்கியை விரித்துத் துணியைத் தொங்கவிடுகிறார்கள். துணியிலிருந்து மறையும் ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. ஏழு கிலோ துணியில், இயந்திரம் பிழிந்த பின்னரும் மூன்றரை முதல் நான்கு லிட்டர் வரை நீர் தங்கியிருக்கும். அவ்வளவும் வீட்டுக் காற்றில் கலந்து, குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில் வியர்வையாகப் படிகிறது. சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம் படருகிறது. இழைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு இது மிகவும் தீங்கானது. சுவர் கெட்டது யாரால் என்று வீட்டுக்காரருக்கும் குடியிருப்போருக்கும் வழக்கு மூள்வதும் அந்நாட்டில் சர்வசாதாரணம்.

ஆதலால் உலர்த்தும் இயந்திரம் அங்கே ஆடம்பரமன்று. எந்த இயந்திரம் என்பதுதான் கேள்வி. தெரிந்தவர் ஒருவர் வீடு மாறும்போது தம் பழைய உலர்த்தியை இலவசமாகத் தர முன்வருவார். நன்றியுடன் பெற்றுக்கொள்ளுமுன் சிறிது கணக்குப் பார்ப்பது நலம்.

பழைய வகை உலர்த்தி, மின்கம்பியைச் சூடேற்றி அந்த அனலைத் துணியின்மேல் வீசுகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரத்திற்குச் சற்றுக் குறைந்த வெப்பம் வேண்டும். இது இயற்கையின் விதி. அந்த வெப்பத்தை ஒரு முறை பயன்படுத்திவிட்டு வீணே விட்டுவிடுவதால், எட்டுக் கிலோ துணிக்கு அது நான்கு முதல் நாலரை யூனிட் வரை விழுங்குகிறது.

ஹீட் பம்ப் உலர்த்தியோ அந்த வெப்பத்தை விட்டுவிடுவதில்லை. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே குளிர், முதுகுப்புறம் சூடு. இதிலும் அதே ஏற்பாடுதான். துணியினின்று வரும் ஈரக்காற்று முதலில் குளிர்ந்த குழாய்களின் மேல் படுகிறது. நீர் துளித்துளியாகப் பிரிந்து தொட்டியில் விழுகிறது. நீராவி நீராக மாறும்போது விடும் வெப்பத்தைக் குழாயினுள் ஓடும் வாயு ஏந்திக்கொண்டு, அடுத்த குழாயில் அதே காற்றுக்குத் திருப்பித் தருகிறது. சூடேறிய காற்று மீண்டும் துணிக்குப் போகிறது. இந்தச் சுழற்சியால் அதே எட்டுக் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் போதுமானதாகிறது. காற்றின் சூடும் ஐம்பது பாகை அளவிலேயே நிற்பதால் துணி சுருங்குவதும் நைந்துபோவதும் குறைவு.

ஜெர்மனியில் 2025-இல் வீட்டு மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 சதம். வாரம் மூன்று முறை, அதாவது ஆண்டுக்கு 160 தடவை உலர்த்தும் குடும்பத்துக்கு 400 யூனிட், அதாவது 160 யூரோ மிச்சம். இலவசமாக வந்த இயந்திரம் ஆண்டுதோறும் கேட்கும் காணிக்கை அது! ஆனால் வாரம் ஒரு முறை மட்டும் உலர்த்தும் இருவர் வாழும் வீட்டில் மிச்சம் ஐம்பது யூரோவே. அவர்கள் அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சுவிட்சர்லாந்து 2012-லேயே மற்ற மின் உலர்த்திகளைக் கடைக்கு வராதபடி தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூலை முதல் தேதி தொட்டுப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்றே மின்சிக்கனப் பட்டையும் மாறிற்று. முன்பு ஏ+++ முதல் டி வரை இருந்தது, இப்போது ஏ முதல் ஜி வரை. பழைய பட்டையில் உயர்ந்த எழுத்துப் பெற்றிருந்த இயந்திரம் புதியதில் கீழான எழுத்தைப் பெறலாம். அதனால் அது கெட்டுவிட்டதென்று பொருளன்று, அளவுகோல்தான் கடுமையாயிற்று. எழுத்தைவிட, நூறு தடவைக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணையே பாருங்கள்.

வாங்கும்போது கேட்கவேண்டிய இன்னொன்று: வெப்பமாற்றிக் குழாய்களை நாமே கதவு திறந்து சுத்தம் செய்ய இயலுமா? சில இயந்திரங்கள் தாமே கழுவிக்கொள்ளும் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. நூல்துகள் அங்கே அடைந்து போனால் தொழிலாளியை அழைக்காமல் வழியில்லை. கைக்கெட்டும் அமைப்பே குடும்பத்துக்கு ஏற்றது என்று தோன்றுகிறது.

பயன்படுத்துவதில் பெரிய இரகசியம் உலர்த்தியில் இல்லை. சலவை இயந்திரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் பிழிந்தால் ஏழு கிலோ துணியில் நாலே கால் லிட்டர் அளவு நீர் தங்கும். ஆயிரத்து நானூறு சுற்றில் மூன்றரை லிட்டர். பிழிவதற்கு ஆகும் மின்சாரமோ அற்பம். அடுத்து, நூல்துகள் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்கவேண்டும். அது அடைத்தால் காற்று ஓடாது; நேரமும் செலவும் ஏறும். நேரத்தைக் குறித்துவைக்கும் முறையைவிட, ஈரத்தைத் தானே உணர்ந்து நிற்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். உருளையினுள்ளே உள்ள இரண்டு உலோகப் பட்டைகள்தாம் அந்த உணர்வுறுப்பு; துணி மென்மையூட்டி அவற்றின்மேல் படலமாகப் படியும். அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தடித்த துவாலையையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாகப் போடுவதும் வீண் செலவே. துவாலை உலருமட்டும் சட்டை வெந்துகொண்டிருக்கும்.

பொறுமையும் தேவை. பழைய இயந்திரம் ஒன்றரை மணியில் முடிப்பதை இது இரண்டரை மணி, சில வேளை மூன்று மணி எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் உறையும் நிலவறையிலோ, வெப்பமில்லாத வண்டிக் கொட்டிலிலோ வைத்தால் இன்னும் தாமதமாகும். ஐந்து பாகைக்குக் கீழே இறங்கும் இடம் இதற்கு ஆகாது. இன்றைய இயந்திரங்கள் பலவற்றின் குழாயில் ஓடுவது புரோப்பேன் வாயு. முன்பிருந்த வாயுக்களைவிட அது வானிலைக்கு மிகக் குறைந்த தீங்கே செய்கிறது. ஆயினும் தீப்பற்றக் கூடியது. எனவே குழாய்ப் பகுதியைக் கூரிய கருவியால் நோண்டலாகாது. வீடு மாறும்போது நிமிர்த்தியே கொண்டுசெல்லுங்கள். சாய்க்க நேர்ந்தால், புதிய வீட்டில் நிறுத்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள்.