பூட்டிக்கொள்ள ஒரு கதவு

போர்முனையில் தூக்கத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பவனே பிழைப்பான். மூளையின் உள்ளே பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதிதான் அந்தக் காவலைப் பார்க்கிறது. வந்தது குண்டா, வெறும் கதவுச் சத்தமா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அது இதயத்தை விரட்டி, தசைகளை முறுக்கிவிடுகிறது.

ஊர் திரும்பிய பிறகும் சிலருக்கு இந்தக் காவல் ஓய்வதில்லை. பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980இல்தான். வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் தூக்கம் போய், வேலை போய், குடும்பம் உடைந்து, குடியில் விழுந்து, தெருவுக்கே வந்துவிட்டவர்கள் பலர்.

பயம் எப்படித் தணிகிறது என்பதுதான் இதில் வியப்பான செய்தி. பழைய பய நினைவு அழிவதில்லை. ‘இங்கே ஆபத்தில்லை’ என்று மூளை புதிதாக ஒன்றைக் கற்கிறது. அந்தப் புதிய பாடம் பழையதை அடக்கி வைக்கிறது. அது ஊன்ற, ஆபத்தில்லாத நாட்கள் திரும்பத் திரும்ப வேண்டும், நல்ல உறக்கமும் வேண்டும். நடைபாதையில் இரண்டுக்கும் வழியில்லை. கண் அயர்ந்தால் பை களவு போகும், யாரோ உதைப்பார்கள், போலீஸ் எழுப்பி விரட்டும். அங்கே அமிக்டலா அலறுவது நோயால் மட்டுமல்ல. ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது! அந்த இடத்தில் எந்த மருத்துவர் போய் ‘பயப்படாதே’ என்று சொல்ல முடியும்?

ஆனாலும் நெடுங்காலம் நடந்தது தலைகீழ். முதலில் குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, பிறகு வீடு தருகிறோம் என்றார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். மனநோயோடு தெருவில் கிடந்தவர்களுக்கு நிபந்தனையில்லாமல் முதலில் வீடு கொடுத்தார். சிகிச்சையை வற்புறுத்தவில்லை, பக்கத்திலேயே வைத்திருந்தார். ஐந்தில் நான்கு பேர் வீட்டில் நிலைத்தார்கள்.

2008 முதல் அமெரிக்க அரசு முன்னாள் படைவீரர்களுக்கு வாடகை உதவியையும் கூடவே ஒரு சமூகப் பணியாளரின் துணையையும் பெரிய அளவில் கொடுக்கத் தொடங்கியது. 2010இன் ஜனவரி கணக்கெடுப்பில் வீடற்ற படைவீரர்கள் சுமார் 74,000 பேர். 2024இல் சுமார் 33,000. அதே 2024இல் அந்நாட்டில் வீடற்றோரின் மொத்தத் தொகை 7,70,000ஐத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சரிவின் அருமை புரியும்.

வீடு மட்டுமே நோயைக் குணமாக்கிவிடாது. ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு ஆண்டுக்கணக்கும் ஆகலாம். ஆனால் அந்தச் சிகிச்சை தொடங்குவதற்கே பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு கதவு தேவை. வழி தெரிந்த பிறகும், 2024 கணக்கெடுப்பு இரவில் 13,000க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் காப்பகத்தில்கூட இடமின்றித் திறந்தவெளியில் கிடந்தார்கள்.