சண்டை கேமும் கேட்டு வாங்காத பில்லும்

உள்ளங்கையில் அடங்கும் மின்னணுச் சண்டை விளையாட்டுக் கருவிக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தவற்றுள் ஒன்று, ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1997இல் வெளியிட்ட டிஜிமான். சின்னத் திரையில் ஒரு விலங்கை வளர்த்து, இன்னொரு கருவியோடு இணைத்துச் சண்டைக்கு விடுவதே ஆட்டம். அதே வகைக் கருவிகளும் நகல்களும் கோயில் கொடைக் கடை, குற்றாலச் சீசன் கடை, ஆன்லைன் பார்சல் என்று ஏதாவது ஒரு வழியில் தென்காசி மாவட்டத்து ராயகிரிக்கும் வந்துவிடுகின்றன. இரண்டே நாளில் திரை அணைந்துவிட்டால், கடைக்காரரோடு வாய்த்தகராறு. அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் கருவி பரணுக்குப் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012ஆம் ஆண்டு மின்னணுப் பொருட்கள் கட்டாயப் பதிவு ஆணையின் பட்டியலிலேயே வீடியோ கேமும் இடம்பெற்றது. 2013 ஏப்ரல் 3 அன்று நடைமுறைக்கு வரவேண்டிய ஆணை ஜூலை 3க்குத் தள்ளிப்போனது. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் அதே கதைதான்: 2020 செப்டம்பர் 1 என்று அறிவிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 அன்றுதான் அமலானது. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) நடத்திய சோதனையில், கட்டாய முத்திரை இல்லாமல் பிடிபட்ட பொருட்களில் பொம்மைகளும் இருந்தன. ஆணை வந்து நான்காண்டு கழிந்தபின் இந்த நிலை என்றால், கொடைத் திடலின் தற்காலிகக் கடையை எந்த அதிகாரி எட்டிப் பார்க்கப்போகிறார்? வாங்குபவர்தான் பார்த்தாக வேண்டும்.

மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும் பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும், மேலே ஐஎஸ் 15644 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். வீடியோ கேம் என்றால் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண். கையில் இருப்பது எந்த வகை என்று குழம்ப வேண்டாம். இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால் வாங்கக் கூடாது. முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்ப்பது அவசியம். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் அதில் வரும். பெட்டியில் உள்ள பெயர் வேறாக இருந்தால் சரக்கு சந்தேகத்துக்குரியது.

பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும் கருவி வீட்டுக்குள் வரவே கூடாது. குழந்தை விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். காசை விழுங்கியதற்குக் கொடுப்பதுபோல வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பது பெரும் தவறு. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. உடனே 108ஐ அழைத்து, தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போல எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்குப் போய், ‘பட்டன் பேட்டரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் அது காசு போலவே தெரியக்கூடும்.

இனி, கருவி பழுதானால். பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பில் கேட்டால் ஜிஎஸ்டி கூடும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்குபவர், முக்கியச் சான்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். பில், பெட்டி, பணம் அனுப்பிய குறுஞ்செய்தி, பழுதைக் காட்டும் வீடியோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்பி ஒப்புகை வாங்க வேண்டும். ஆன்லைன் நிறுவனமானால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. முன்பதிவுப் பணத்தை வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் சரக்கு அனுப்பாமல் இழுத்தடிப்பதற்கும் இதே வழிதான்.

பதில் வரவில்லையென்றால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். சமரசம் பேசுமே தவிர உத்தரவு போடாது. முத்திரை இல்லாத சரக்கு பற்றிய புகார் பிஐஎஸ் கேர் செயலியில் பதியப்பட வேண்டும். பெட்டியில் விலை, இறக்குமதியாளர் முகவரி, தயாரித்த நாடு இல்லையென்றால், அது தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் (அமலாக்கம்) பார்க்கவேண்டிய வேலை. பலருக்கும் பாதிப்பு என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஆட்சியரிடமே புகார் கொடுக்கலாம். தென்காசி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘பார்க்கிறோம்’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பக் கூடாது.

பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில் நகல், எழுத்துப் புகாரும் அதன் ஒப்புகையும், படங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பில் மீண்டும் இங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. அதற்குப் பிறகு போனால், தாமதத்துக்குத் தக்க காரணத்தை ஆணையம் ஏற்றால்தான் வழக்கு உள்ளே நுழையும்.