கிணற்றடியில் பிறந்த நியாயம்

இறைத்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. பயிர் கருகுகிறது. 'எல்லாம் தலையெழுத்து' என்று பாலாற்றங்கரை விவசாயி அடங்கிவிடலாம். 'யார் செய்த வேலை இது?' என்று கொதிக்கவும் செய்யலாம். அந்தக் கொதிப்பில்தான் நீதி தொடங்குகிறது.

அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்க்லார் 1990இல் வெளியான 'அநீதியின் முகங்கள்' நூலில் இதையே ஆராய்ந்தார். துரதிர்ஷ்டம் எது, அநீதி எது என்று முடிவுகட்டும்போது பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்டாக வேண்டும் என்றார்.

பாலாற்றங்கரையில் அந்தக் குரல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. டேனரிகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் அங்கமென்று அறிவித்தது. கிணற்றடிக் கோபம் நாட்டுக்கே சட்டமானது.

ஆனால் கோபத்துக்கு இலக்கு தவறக் கூடாது. தோலைத் தொடுபவர்மீது சாதி காலங்காலமாக அருவருப்பைப் பூசி வைத்திருக்கிறது. தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் எச்சரிப்பது இதைத்தான்: கோபம் இழைக்கப்பட்ட தீங்கைப் பார்த்து எழும், அருவருப்போ மனிதரையே தாழ்த்திவிடும். டேனரி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறோம். அந்த நாற்றத்தில் நின்று உழைப்பவரை நினைக்கிறோமா?

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வயலைக் கெடுத்த கழிவே அவர்கள் உயிரையும் குடித்தது. விவசாயியும் தொழிலாளியும் எதிரிகள் அல்லர். ஒரே அலட்சியத்துக்குப் பலியானவர்கள்.

பாலாற்று மாசு விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. மாசால் பாதிக்கப்பட்டும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்தும் இதைச் சொல்லவேண்டி இருந்தது. தீர்ப்பு வந்ததும் ஆறிவிடும் கோபம் ஆற்றைக் காப்பாற்றாது. வயலுக்காகக் கொதிக்கும் மனம் டேனரித் தொழிலாளிக்காகவும் கொதிக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும்வரை ஆறாதிருக்கட்டும்.